சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கி வந்து நாவல் படிப்போம்

இந்த இதழில் கவிதைகள் குறைவு. வரவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். கட்டுக்கட்டாக வந்தன. வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் 2022 டிசம்பரில் மலம் கலந்த கொடுமையைப் பற்றி மட்டுமே ஒரு கட்டு இருக்கிறது. எல்லாவற்றிலும் தொட்டி இருக்கு, மலம் இருக்கு, கடைசி வரியில் தவறாமல் நெருப்பு இருக்கு. பெயரை மாற்றிப் போட்டால் எது யார் எழுதியது என்று எழுதியவருக்கே அடையாளம் தெரியாது. 2025 ஜனவரியில் போலீசார் அதே சேரியைச் சேர்ந்த மூன்று பேர் மேலேயே குற்றப் பத்திரிகை போட்டார்கள். அதற்கும் உடனே கவிதைகள் வந்தன. மறுபடியும் அதே தொட்டி, அதே நெருப்பு. அந்த ஊரில் ராத்திரி தாகத்துக்கு எழுந்திருக்கிற ஒரு குழந்தை, சொம்பைக் கையில் வச்சிக்கினு என்ன யோசிக்கும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கவிதை எழுதிய தோழர்களைக் குறை சொல்லுவதற்காக இதை எழுதவில்லை. எனக்கே இரண்டு வருஷமாகக் கவிதை வரவில்லை. பகல் முழுக்க வங்கிக் கவுன்டரில் நகை எடை, வட்டி, கெடு தேதி என்று எழுதுகிற கை ராத்திரி தாளை எடுத்தால் அங்கேயும் எடை, வட்டி, கெடுதான் வருகிறது. வேலையைக் காரணம் சொல்லலாம். ஆனால் விடியக்காலை நாலு மணிக்குத் தறிக்குழியில் கால் வைக்கிறவர்களும் பாட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஏர் உழுதவர்களும், பிணம் தூக்கியவர்களும் கட்டியிருக்கிறார்கள். வேலை மட்டும் காரணமாக இருக்க முடியாது. நாம் வாசிப்பதை நிறுத்திவிட்டோம் என்பதுதான் எனக்குப் படுகிற காரணம். குறிப்பாக நாவல் வாசிப்பதை. கோட்பாட்டு நூல் படிக்கிறோம், துண்டறிக்கை படிக்கிறோம், தீர்ப்பு நகல் படிக்கிறோம். நாவலை மட்டும் லீவு நாளைக்கு என்று ஒதுக்கி வைக்கிறோம். அந்த லீவு நாள் வருவதே இல்லை.

இயக்கத்தில் இதற்கு ஒரு நியாயமும் வைத்திருக்கிறோம். "இன்னா தோழர், ஊரு பத்திக்கினு எரியுது, நீங்க கதபுக்கு படிச்சினு கீறீங்க" என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு தோழர் என்னைக் கேட்டார். மனு கொடுக்க நின்ற வரிசையில் என் கையில் ஒரு நாவல் இருந்தது, அதுதான் விஷயம். நாவல் என்றால் பொழுதுபோக்கு, வேலை வெட்டி இல்லாத மேல்சாதிக்காரன் மதியம் சோறு தின்னுட்டுப் படிக்கிற சமாச்சாரம் என்று நம் ஆட்களே சொல்கிறார்கள். இந்த எண்ணம் நமக்குள் எப்படி வந்தது என்று யோசிக்க வேண்டும். பம்பாயில் அம்பேத்கர் ராஜகிருகம் கட்டியதே புத்தகங்கள் குடியிருப்பதற்குத்தான். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வாசிப்பைச் சோம்பேறித்தனம் என்று நாம் பேசலாமா?

கற்பனை என்பது சும்மா காற்றில் மிதக்கிற சங்கதி இல்லை, அது சொத்து. எங்கள் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத்தில் கற்பனைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு மாமரத்தடியில் மணலைப் பிடித்து லிங்கம் செய்த அம்மனுக்கு ஒரு கதை. வெள்ளம் வந்தபோது அந்த லிங்கத்தை அவள் கட்டிப்பிடித்துக்கொண்டதற்கு ஒரு கதை. குளத்துக்கு அடியில் 40 வருஷம் படுத்திருந்து மேலே வருகிற அத்திமரப் பெருமாளுக்கு ஒரு கதை. 2019இல் அந்தக் கதைக்காக 48 நாள் இந்த ஊர்த் தெருவில் கால் வைக்க இடமில்லாமல் ஜனங்கள் நின்றார்கள். கதை ஜனங்களை நிற்க வைக்கும், கடைத்தெருவை நடத்தும், நிலத்துக்குப் பட்டா கொடுக்கும், ஒரு சாதியைக் கருவறைக்குள்ளேயும் இன்னொரு சாதியை ஊருக்கு வெளியேயும் நிறுத்தும். ஒவ்வொரு கோயிலுக்கும் தலபுராணம் இருக்கு. எங்கள் சேரிக்கு இருக்கா?

இருந்தது என்பதுதான் விசேஷம். மணிமேகலை கடைசியில் வந்து சேர்ந்த ஊர் இதுதான். பஞ்சத்தில் கிடந்த காஞ்சிக்கு அமுதசுரபியோடு வந்து, வந்தவர்க்கெல்லாம் சோறு போட்டு, அறவண அடிகளிடம் தர்மம் கேட்டாள் என்று காப்பியம் சொல்கிறது. கணிகை வயிற்றில் பிறந்தவளைக் கதாநாயகியாக வைத்த காப்பியம் அது. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் வந்தபோது நூற்றுக்கு மேல் பௌத்த மடங்களும் பதினாயிரம் பிக்குகளும் இங்கே இருந்ததாக எழுதி வைத்தான். 1915இல் கோபிநாத ராவ், காமாட்சியம்மன் கோயில் வளாகத்திலும் சுற்றுவட்டாரத்திலும் கண்ட புத்தர் சிலைகளைப் பற்றி எழுதினார். அதில் ஒன்று எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சிலை போன மாதிரியே கதையும் போனது. பூர்வ பௌத்தர் என்ற அயோத்திதாசர் தன் 'தமிழன்' பத்திரிகையில் செய்தது என்ன? பண்டிகைக்கும் சொல்லுக்கும் சாமிக்கும் வேறு கதை சொன்னார். அவர் சொன்ன சொற்பிறப்பு சரியா தப்பா என்று பண்டிதர்கள் அடித்துக்கொள்ளட்டும். என்னைப் பொறுத்தவரை பறிகொடுத்த கற்பனையை மீட்க அவர் போட்ட வழக்கு அது.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் எழுதிய அறிக்கையை ஒட்டி 1892இல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்று தெரியும். அதைக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமசையும் ஏழுமலையையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. நிலத்தைக் கேட்கிற நாம் கற்பனையைக் கேட்பதில்லை. அதுவும் அபகரிக்கப்பட்டதுதான்.

இதற்கு இன்னொரு பக்கம் இருக்கு. இலக்கிய உலகம் நம்மிடம் கற்பனை கேட்பதில்லை, சாட்சியம் கேட்கிறது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதற்கு முன்னால் தமிழில் அப்படி ஒரு குரல் இல்லை. எழுத்துத் தமிழின் இலக்கணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஊர்ப் பேச்சிலேயே ஒரு வாழ்க்கையைப் பேசியது. அதை ஆயிரம் தடவை கொண்டாடலாம். ஆனால் அதற்கப்புறம் என்ன நடந்தது? பேராசிரியர்களும் பதிப்பாளர்களும் ஒவ்வொரு தலித் பையனிடமும் பொண்ணிடமும் "உன் கருக்கு எங்கே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கூண்டில் ஏறு, பட்ட அடியைச் சொல்லு, சட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டு, இறங்கிப் போ. அடுத்த சாட்சி! ஒருத்தனுக்கு எத்தனை வாழ்க்கை இருக்கு? ஒரு வாழ்க்கைக்கு ஒரு புத்தகம். எழுதி முடித்தவன் முப்பது வயதில் காலியாகி நிற்கிறான். எனக்குத் தெரிந்து நன்றாக எழுதிய நாலைந்து பேர் இப்படித்தான் ஒரே புத்தகத்தோடு பேசாமல் போனார்கள். பாமா அங்கே நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1994இல் 'சங்கதி'யில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரையும் பேச விட்டார். 2002இல் 'வன்மம்' நாவலில் பள்ளரும் பறையரும் மோதிக்கொள்வதை எழுதினார். தன் கதையிலிருந்து ஊர்க்கதைக்கு, ஊர்க்கதையிலிருந்து நம் உள்பகைக்கு என்று அவர் நடந்த தூரத்தை நம் விமர்சகர்கள் அளக்கவே இல்லை. இன்னமும் கருக்கிலேயே நிற்கிறார்கள்.

காய்ந்துபோன எழுத்தாளனுக்கு மறுபடி எப்படி ஊறும்? எழுத வந்தவர்கள் கதையைப் பார்த்தால் பல இடத்திலும் ஒரு வாசிப்பு முன்னால் நிற்கிறது. கி. ராஜநாராயணனைப் படித்த பிறகுதான் தன் கரிசல் மண்ணையும் தன் ஜனத்தின் பேச்சையும் எழுதலாம் என்று பூமணிக்குத் துணிச்சல் வந்தது. 1979இல் 'பிறகு' வந்தது, செருப்புத் தைக்கிற அழகிரி தமிழ் நாவலுக்குள் நடந்து வந்தான். கி.ரா. எழுதிய ஜனம் வேறு, பூமணி எழுதிய ஜனம் வேறு. கதவைத் திறந்தவரும் உள்ளே வந்தவரும் ஒரே சாதியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. திருச்சியில் படித்த காலத்தில் பேராசிரியர் எஸ். ஆல்பர்ட் கைகாட்டிய உலக இலக்கியம் இல்லாமல் 'கோவேறு கழுதைகள்' எழுதிய இமையத்தை யோசிக்க முடியாது. மராத்தியில் அண்ணா பாவ் சாத்தே, பள்ளிக்கூடத்தில் ஒன்றரை நாள் மட்டும் உட்கார்ந்தவர் என்று சொல்வார்கள். பம்பாயில் மில் கூலி. கார்க்கியைத் தேடிப் படித்தார். 1959இல் 'ஃபகிரா' எழுதி அம்பேத்கருக்குக் காணிக்கை ஆக்கினார். அதன் நாயகன் பஞ்சத்தில் தானியத்தைக் கொள்ளையடித்து ஊருக்குப் பங்கு போடுகிற மாங் சாதிக்காரன். அடி வாங்கிச் சாட்சி சொல்கிற ஆள் இல்லை அவன். நம் அமுதசுரபிக்குச் சொந்தக்காரன்.

அமெரிக்காவில் டோனி மாரிசன் கதை இன்னும் நமக்கு உதவும். கென்டக்கியிலிருந்து தப்பி ஓடிய அடிமைப்பெண் மார்கரெட் கார்னர், பிடிபடும் நேரத்தில் தன் குழந்தை மறுபடி அடிமையாகக் கூடாது என்று தன் கையாலேயே கொன்றாள். நடந்தது 1856இல். அந்தப் பழைய பத்திரிகைச் செய்தி மாரிசன் கண்ணில் பட்டது. அவர் கார்னரைப் பற்றி மேற்கொண்டு ரொம்பத் தோண்டவில்லை. வேண்டுமென்றே நிறுத்திக்கொண்டார். செத்த குழந்தை ஒரு பெண்ணாகத் திரும்பி வந்து தாயோடு குடியிருந்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்தார். 1987இல் 'பிலவட்' வந்தது. ஆவணத்தில் அந்தக் குழந்தைக்குச் சாவு மட்டும்தான் இருந்தது. நாவலில் அது பசியோடு வந்து தாயிடம் கணக்குக் கேட்கிறது. உண்மை அறியும் குழு அறிக்கை எழுதிப் பழகிய நமக்கு, அறிக்கை முடிகிற இடத்தில் என்ன ஆரம்பிக்கும் என்று காட்டுகிற நாவல் அது.

நமக்கு அப்படி ஒரு நிகழ்ச்சி இல்லையா? 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. 44 பேர். அதை வைத்து 1975இல் இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' எழுதினார், 1977இல் சாகித்ய அகாதெமி பரிசும் வாங்கியது. படித்துப் பாருங்கள். நன்றாக எழுதப்பட்ட நாவல்தான். ஆனால் அதில் நெருப்பு வைக்கிற பண்ணையாரின் மூர்க்கத்துக்கு வேர் அவருடைய ஆண்மைக்குறைவில் போய் நிற்கிறது. அரைப்படி நெல் கூலி உயர்வு, செங்கொடி, சாதித் திமிர் எல்லாம் திரைச்சீலை ஆகிவிடுகிறது. செத்தவர்கள் கூட்டமாகச் சாகிறார்கள். கொன்றவனுக்கு மனசு கிடைக்கிறது, செத்தவளுக்குப் பெயர்கூடச் சரியாகக் கிடைப்பதில்லை. இது ஒரு சாதி இந்துக் கற்பனை எங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கும் என்பதற்கு நல்ல பாடம், அதற்காகவே மாணவர்கள் படிக்க வேண்டும். சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' இன்னொரு கோணம். விவசாய வேலை தெரிந்த கை. ஆனால் கட்சி வரலாற்றின் ஒழுங்கு நாவலை இறுக்கிப் பிடிக்கிறது. 2014இல் மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதி, பிறகு 'குறத்தியம்மன்' என்று தமிழுக்கு வந்த நாவல் முற்றிலும் வேறு குணம். மிராசுதார்களின் மனு, கட்சித் துண்டறிக்கை, போலீஸ் பட்டியல் என்று காகிதங்களை எடுத்து அந்தந்தக் குரலிலேயே பேசவிட்டு நாறடிக்கிறது. ஒழுங்காகக் கதை கேட்க வந்து உட்காருகிற வாசகனைப் பார்த்துக் கிண்டல் அடிக்கிறது. சில இடங்களில் கிண்டல் கூடிப்போய் எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் வெண்மணியைப் பற்றி எழுத இனி என்ன இருக்கு என்று சலித்துப்போன எனக்கு, ஒரே நெருப்பை நாலு விதமாகச் சொல்லலாம் என்று பட்டது இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தபோதுதான். தனித்தனியாகப் படித்தால் இது நடக்காது. ஒரே மாதத்தில் படியுங்கள்.

எழுத்து நின்றுபோன தோழர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது சிவகாமியைத்தான். 1989இல் அவருடைய 'பழையன கழிதலும்' வந்தது. சாதி இந்துக்களிடம் அடிபட்டு வருகிற தங்கம் என்கிற பெண்ணுக்கு நியாயம் வாங்கித் தருகிற தலித் தலைவர் காத்தமுத்து, அவளையே தனக்கு இன்னொரு பெண்டாட்டி ஆக்கிக்கொள்கிறார், அவள் பணத்தையும் எடுத்துக்கொள்கிறார். மகள் கௌரி பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நம் தலைவரை இப்படி எழுதலாமா என்று அன்றைக்கு ஒரே சத்தம். சிவகாமி மறுப்புக் கட்டுரை எழுதியிருக்கலாம். அவர் இன்னொரு நாவல் எழுதினார். 1997இல் 'பழையன கழிதலும்: ஆசிரியர் குறிப்பு'. நாவல் எழுதிய பெண் தன் ஊருக்குத் திரும்பி வந்து, தான் எழுதியதைத் தானே விசாரிக்கிறாள். இந்த ஆளை ஏன் இப்படி எழுதினேன், எதை விட்டேன், எதைக் கூட்டினேன், யாரைத் திருப்திப்படுத்த? நாவலுக்குள் நாவலைப் பிரித்து மேய்வது பின்நவீனத்துவ விளையாட்டு என்று தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. சிவகாமிக்கு அது விளையாட்டில்லை. தன் ஜனத்துக்கு முன்னால் பதில் சொல்லுகிற அவசியம். அதனால்தான் அது உயிரோடு இருக்கிறது. படித்து முடித்த ராத்திரி என் பழைய கவிதைத் தொகுப்பை எடுத்து, அதில் வருகிற ஆட்கள் என்னிடம் என்ன கேட்பார்கள் என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டே போனேன். கவிதை ஒன்றும் வரவில்லை. ஆனால் கை ஓடியது.

அடுத்து, சிரிப்பு. நம் எழுத்தில் அழுகை இருக்கு, ஆவேசம் இருக்கு, சிரிப்புக்கு மட்டும் தட்டுப்பாடு. சேரியில் இருக்கிற அளவு கிண்டலும் கேலியும் அக்ரகாரத்தில் உண்டா? சாவு வீட்டில்கூடச் சிரிப்பை மூட்டிவிடுகிற கிழவிகள் நம் தெருவில் இருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் மட்டும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்கிறோம், ஏனென்றால் சாட்சி சிரித்தால் நீதிபதி நம்ப மாட்டான். ராஜ் கௌதமன் 1993இல் 'தலித் பண்பாடு' எழுதியபோது அந்தக் கலகச் சிரிப்பைக் கோட்பாடாகச் சொன்னார். 2002இல் 'சிலுவைராஜ் சரித்திர'த்தில் செய்தே காட்டினார். 1950இல் பிறந்த கிறித்துவத் தலித் பையன் சிலுவை, படித்து, அலைந்து, எல்லாராலும் ஏமாந்து, கடைசியில் ஒரு வேலைக்காக இந்துவாக மதம் மாற வேண்டி வருகிறது. அவன் பிறந்த அதே 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைதான் பட்டியல் சாதி என்றால் இந்து என்று எழுதியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறித்துவத் தலித் வெளியேதான். இதை நாம் எத்தனை தீர்மானத்தில், எத்தனை மனுவில் எழுதியிருப்போம்! ராஜ் கௌதமன் அதைத் தன்னையே பகடி செய்துகொள்ளும் ஒரு சரித்திரமாக எழுதினார். 2024 நவம்பரில் அவர் காலமானபோது அஞ்சலிக் கட்டுரைகள் எல்லாம் ஆய்வாளர் ராஜ் கௌதமனைப் பற்றியே இருந்தன. சிலுவையைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தவர்களும் எழுதியிருக்கலாம்.

இந்த வரிசையில் நான் ரொம்பப் பிந்திப் படித்து, ரொம்ப ஆழமாக என்னைத் தைத்தது கன்னட நாவல், தேவனூர மகாதேவாவின் 'குசுமபாலெ'. 1990இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. (மகாதேவா 2015இல் அந்தப் பரிசையும் பத்மஸ்ரீயையும் திருப்பிக் கொடுத்தார், அது வேறு கதை.) சூசன் டானியலின் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் நான் படித்தேன். நஞ்சன்கூடு வட்டாரச் சேரிக் கன்னடத்தில் எழுதியது. கன்னடக்காரர்களுக்கே பிடிபடவில்லை என்று பெரிய அறிஞர் எல். பசவராஜு அதைக் கவிதை போல வரி பிரித்துப் போட்டுக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கதை நமக்குத் தெரிந்த கதைதான். மேல்சாதிப் பெண் குசுமா, சேரிப் பையன் சன்னா, அவன் கொலை. ஊரில் அவன் பம்பாய்க்குப் போய்விட்டான் என்று பேச்சு. தர்மபுரியையும் உசிலம்பட்டியையும் தெரிந்த நமக்கு இதில் புதுசாக என்ன இருக்கு?

இருக்கு. ராத்திரி வீடுகளில் விளக்கை அணைத்த பிறகு, அந்தந்த வீட்டு விளக்கின் ஆவிகள், ஜோதியம்மாக்கள், ஒன்றுகூடி உட்கார்ந்து தங்கள் வீட்டில் நடந்ததைப் பேசிக்கொள்கிறார்கள். ஒரு கட்டில் பேசுகிறது. மனுசர் வாயைத் திறக்காத கொலையைப் பற்றி வீட்டுச் சாமான்கள் பேசுகின்றன. இது மாயாஜாலம் இல்லை, லத்தீன் அமெரிக்காவிலிருந்து கடன் வாங்கினதும் இல்லை. நம் பாட்டிகள் சொல்லுகிற கதையில் உலக்கையும் முறமும் பேசும். அதை ஒரு தலித் எழுத்தாளர் வெட்கப்படாமல் நாவலுக்குள் கொண்டுவந்தார். அங்கே சாட்சி மனுசன் இல்லை, விளக்கு. கூண்டில் ஏற்ற முடியாத சாட்சி. தழும்பு காட்டச் சொல்ல முடியாத சாட்சி.

நாவலை மூடி வைத்துவிட்டு பிள்ளையார்பாளையம் பக்கம் நடந்தபோது தெரு முழுக்கத் தறிச் சத்தம். பல வருஷமாகக் கேட்கிற சத்தம்தான். அன்றைக்கு இந்தத் தறிகள் ராத்திரி கூடிப் பேசினால் என்ன பேசும் என்று தோன்றியது. காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். கோர்வை போட வேண்டும் என்றால் நெய்கிறவர் ஒருத்தர் போதாது, கரை நாடாவைத் தள்ள பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் நெடுங்காலம் ஒரு குழந்தையாக இருந்தது. அப்பன் ஆத்தா வாங்கின முன்பணத்துக்காகத் தறிக்கு வந்த குழந்தை. சுத்துப்பட்டு கிராமங்களிலிருந்து வந்த சேரிப் பிள்ளைகள் அதில் நிறைய. இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் போட்ட அறிக்கையில் எங்கள் ஊரும் இருக்கு. முகூர்த்தப் பட்டின் கரையில் யானையும் மயிலும் அன்னமும் ஓடுகின்றன. அந்த யானைக்கு வால் வைத்த பிள்ளையின் விரலைப் பற்றி எந்தப் புடவையும் சொல்லாது. தறி சொல்லும்.

நெசவை எழுதிய நாவல்கள் தமிழில் உண்டு. தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953இல் வந்தது, செக் மொழிக்கும் போனது. எம்.வி. வெங்கட்ராமின் 'வேள்வித் தீ' கும்பகோணத்துச் சௌராஷ்டிரப் பட்டு நெசவாளர்களைச் சொல்வது, ஜரிகை வியாபாரம் தெரிந்த ஆள் எழுதியது. இரண்டையும் மறுபடி எடுத்துப் படித்தேன். நல்ல நூல்கள். முதலாளி இருக்கிறான், நெசவாளி இருக்கிறான், பசி இருக்கு. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ளுகிற பிள்ளைக்கு மட்டும் அங்கே கதை இல்லை. வள்ளுவரை நெசவாளி என்றும் சொல்கிறார்கள், பறையர் என்றும் சொல்கிறார்கள். இரண்டு கதையையும் சேர்த்து வைத்துப் பார்க்க நம் ஊர்ப் புலவர்களுக்கு மனசு வரவில்லை. அந்த வாரம்தான் இரண்டு வருஷத்துக்கு அப்புறம் எனக்கு நாலு வரி வந்தது. கவிதைதானா என்று இன்னும் தெரியவில்லை. இந்த இதழில் போடவில்லை.

ஆகவே தோழர்களே, எந்த நாவலைப் படிப்பது என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு என் கையில் பட்டியல் இல்லை. பரிசுப் பட்டியலைப் பார்த்துப் படிக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். நம்மைப் பற்றி எழுதிய நாவல் என்பதற்காக மட்டும் படிப்பதும் போதாது. படிக்கும்போது உங்கள் தெருவில் நீங்கள் இதுவரை பார்க்காத ஒரு ஆள் உங்களுக்குத் தெரிய ஆரம்பித்தால் அதுதான் உங்களுக்கான நாவல். அது கார்க்கியாக இருக்கலாம், கி.ரா.வாக இருக்கலாம், நமக்கு ஆகாதவன் எழுதியதாகவும் இருக்கலாம்.

நடை நன்றாக இருக்கிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டாம். ஈழத்து கே. டானியலின் நடை வறண்டதுதான், சில இடங்களில் அறிக்கை படிப்பது போலவே இருக்கும். ஆனால் 'பஞ்சமர்' 1972இல் வந்தபோது தமிழ் நாவலில் அந்தப் பெயரோடு ஒரு நூல் நிற்பதே கலகம். தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தில் நின்று மாவிட்டபுரம் கோயில் வாசல்வரை போராட்டத்தைப் பார்த்தவர். பகலில் போராட்டம், ராத்திரி நாவல். 'கோவிந்தன்', 'அடிமைகள்', 'கானல்', 'தண்ணீர்' என்று யாழ்ப்பாணத்து வெள்ளாளச் சமூகத்தை உள்ளும் புறமும் திருப்பிப் போட்டார். சிகிச்சைக்கு வந்த இடத்தில் 1986இல் தஞ்சாவூரில் செத்தார், அங்கேயே அடக்கமும் ஆனார். கலெக்டர் ஆபீஸ் வாசலில் என்னைக் கேட்ட தோழருக்கு நான் கொடுத்த புத்தகம் 'பஞ்சமர்'. மூன்று வாரம் கழித்து வந்து, "அந்த ஆளு எழுதின வேற புக்கு எதுனா கீதா?" என்று கேட்டார்.

மாணவத் தோழர்களுக்குத் தனியாக ஒன்று. தேர்வுக்குப் பாடமாக வைத்த தலித் நாவலைக் கைடு வாங்கிப் படிக்காதீர்கள். விடுதியில் ராத்திரி ஒருத்தர் சத்தம் போட்டுப் படிக்க மற்றவர்கள் கேளுங்கள். நம் ஜனம் பாரதக் கூத்தை விடிய விடியக் கேட்ட ஜனம், ஒரு அத்தியாயத்துக்கு உட்கார மாட்டோமா? கருக்கையும் சிலுவையையும் வாய்விட்டுப் படித்தால்தான் அதன் ருசி தெரியும். ஆங்கிலமோ கன்னடமோ தெலுங்கோ தெரிந்தவர்கள் ஒரு அத்தியாயத்தையாவது தமிழில் போட்டு அனுப்புங்கள், பிழை இருந்தால் உட்கார்ந்து திருத்திக்கொள்ளலாம்.

அடுத்த இதழுக்குக் கவிதை வேண்டாம் என்று ஆசிரியர் குழுவில் முடிவு செய்திருக்கிறோம். ஒரே ஒரு இதழுக்கு மட்டும். கோபித்துக்கொள்ள வேண்டாம். அதற்குப் பதில் ஒவ்வொருவரும் ஒரு நாவலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். கதைச் சுருக்கம் தேவையில்லை, திறனாய்வும் தேவையில்லை. அந்த நாவல் உங்களுக்குள் எந்த இடத்தைக் கிளறியது, அதைப் படித்த பிறகு உங்கள் தெருவில் என்ன தெரிந்தது, அதை மட்டும் எழுதுங்கள். எழுதத் தெரியாத தோழர்கள் சொல்லுங்கள், யாராவது எழுதிக்கொள்வோம். பொங்கலுக்குள் வந்து சேர வேண்டும்.

புத்தகம் கிடைக்காதவர்கள் மாவட்ட நூலகத்தில் கேளுங்கள். இல்லை என்றால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். சிவகாமி இரண்டு பிரதி இருக்கு, டானியல் ஒன்று, சிலுவைராஜ் அட்டை கிழிந்தது ஒன்று. பென்சிலால் கோடு போட்டிருப்பேன், அதைப் பொருட்படுத்த வேண்டாம். படித்து முடித்ததும் திருப்பித் தர வேண்டாம், பக்கத்துக் காலனிக்காரருக்குக் கொடுத்துவிட்டு யாரிடம் கொடுத்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.